பனித்தீவுக்கு முன்பணம்

ரெனாந்தேயின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது அவனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரே கால் சென்டரில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவன் வேலையை விட்ட பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்தது ‘நீல வளைகுடா’ என்ற வீடியோ கேம்தான். அவனவன் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் ஒரே கப்பலை ஓட்டுவோம். அவன் பாய்மரத்தைப் பார்த்துக்கொள்வான், நான் சுக்கானைப் பிடிப்பேன்.

டிசம்பரில் அந்தக் கம்பெனி சீசன் பாஸ் அறிவித்தது. அடுத்த வருடம் முழுக்க நாலு புதிய தீவுகள் ஒவ்வொன்றாக வரும். இப்போதே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் பாதி விலை. கடைசியாக வரப்போவது பனித்தீவு. உறைந்த துறைமுகத்தில் விளக்குகள் எரிய, மேலேயிருந்து பனி கொட்டும் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ரெனாந்தே அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் டாக்டர் அவன் தங்கை ஜோவ்லினைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். இதயமும் பலவீனமாகிவிட்டது, மழைக்காலம் வரை தாங்கினாலே பெரிய விஷயம் என்று. அவள் துபாய்க்கு வேலைக்குப் போக எல்லாம் தயாராகியிருந்தது. போகவில்லை என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டு வந்தாள்.

சீசன் பாஸ் வாங்கப் போவதாக அவன் சொன்ன அன்று மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஜோவ்லின் உப்பில்லாத மீனை அவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மனோங்,” என்றாள். அண்ணனை அவள் அப்படித்தான் அழைப்பாள். “எதுக்கு மொத்தமா வாங்கணும்? ஒவ்வொண்ணா வர்றப்போ வாங்கிக்கலாமே. பனித்தீவு அடுத்த டிசம்பர்லதானே வருது? அதுக்குள்ள நீ…”

“நிறுத்தாதே. சொல்லி முடி.”

“நான் ஒண்ணும் சொல்ல வரல.”

“நான் இருக்க மாட்டேன்னு சொல்ல வந்தே. சாப்பாட்டை வச்சுக்கிட்டு அழாதே, ஏற்கெனவே உப்பு கூடாதுன்னிருக்காங்க.”

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான். “எட்செல், நீ என்ன சொல்றே?”

“அவ சொல்றதுல தப்பில்லடா. இவங்க சொன்னதைச் சொன்ன தேதியில என்னிக்குக் கொடுத்திருக்காங்க? வந்த பிறகு நாலு பேர் விளையாடிப் பார்த்துச் சொல்லட்டும். விலை கூடினா கூடிட்டுப் போகுது.”

“அது உனக்குச் சரி. எனக்கு அடுத்த வருஷத்துல என்னோடதுன்னு ஏதாச்சும் ஒண்ணு வேணும். டயாலிசிஸைத் தவிர.”

அன்றே வாங்கினான். ஒன்றல்ல, இரண்டு. எனக்கும் சேர்த்து. “ஆள் இல்லாம பனியில நான் தனியா எப்படிக் கப்பல் ஓட்டுறது?” என்று சிரித்தான்.

முதல் தீவு சொன்ன தேதியில் வந்தது, நன்றாகவும் இருந்தது. ஒரு வாரம் அதிலேயே கிடந்தோம். இரண்டாவது தீவு தாமதமாக வந்து, ஒரே அமர்வில் முடிந்துபோனது. மூன்றாவது இன்னும் மோசம். முதல் தீவையே திருப்பிப் போட்டு, மரங்களுக்குச் சிவப்பு நிறம் அடித்திருந்தார்கள்.

“பழைய குழம்பைச் சுட வச்சுக் கொடுத்துருக்கானுங்க,” என்றேன்.

“பனித்தீவுலதான் மொத்தப் பேரும் வேலை செய்றாங்க போலிருக்கு. அதான் இதுல கைய வைக்கல,” என்றான் அவன். அந்தக் கம்பெனி அவனுடையது போலப் பரிந்து பேசினான்.

மழைக்காலம் வந்து போனது. ரெனாந்தே போகவில்லை. கன்னம் ஒட்டி, கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கயிறு போல் புடைத்து, ஆனால் இருந்தான். டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கைக்காரர் மாங் தெலெஸ்போரோ அக்டோபரில் இறந்துபோனார். டாக்டர் தலையை ஆட்டி, “உங்க அண்ணன் என் கணக்கைப் பொய்யாக்கிட்டார்,” என்று ஜோவ்லினிடம் சொன்னாராம்.

டிசம்பரில் பனித்தீவு வரவில்லை. மார்ச்சில் வரும் என்றார்கள். மார்ச்சில், தரத்தை மேம்படுத்துகிறோம் என்றார்கள்.

“அதுவும் வரல, நானும் போகல. ரெண்டு பேர்ல யாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தின்னு பார்ப்போம்,” என்றான்.

மே மாதம் அறிவிப்பு வந்தது. போதிய ஆட்கள் விளையாடாததால் ‘நீல வளைகுடா’ நிரந்தரமாக மூடப்படுகிறது. நாலாவது தீவு வெளிவராது. சீசன் பாஸ் வாங்கியவர்களுக்கு, கம்பெனியின் இன்னொரு கேமில் அணிந்துகொள்ள ஒரு பொன் தொப்பி இலவசம்.

நான் கொதித்துப்போய் அவன் வீட்டுக்கு ஓடினேன். “பணத்தைத் திருப்பிக் கேட்போம்டா. நாலு சொல்லிட்டு மூணு கொடுத்தா அதுக்குப் பேர் என்ன?”

“தொப்பி கொடுக்கிறாங்களே,” என்றான். அதில் கிண்டல்கூட இல்லை.

ஜோவ்லின் வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டுத் திட்டுவான், எதையாவது தூக்கி எறிவான் என்று அவள் காத்திருந்தாள் என நினைக்கிறேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடைசி நாள் பிற்பகலில் இருவரும் கேமுக்குள் போனோம். பனித்தீவுக்குப் புறப்பட வேண்டிய துறைமுகத்தில் எங்கெங்கிருந்தோ வந்த கப்பல்கள் முப்பது நாற்பது நின்றன. யாரோ வாணவேடிக்கை விட்டார்கள். ரெனாந்தே பாயை ஏற்றினான். நான் வடக்கே திருப்பினேன். எல்லைக்கோட்டைத் தொட்டதும் கப்பல் தானாகத் திரும்பிக்கொண்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி அது திரும்பியது. அப்படியே திரை அணைந்து, இணைப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது.

அதற்குப் பிறகு வேறு கேம் எதிலும் அவன் ஒட்டவில்லை. நல்லதாகப் பார்த்து நான் சொன்னவற்றையெல்லாம் “அப்புறம்” என்றான். டயாலிசிஸுக்கும் அப்புறம் என்று சொல்லத் தொடங்கினான். ஜோவ்லின் அழைத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருமுறை கன்னத்தில் அறைந்தும் பார்த்தாள். செப்டம்பரில் நெஞ்சில் நீர் கோத்து இறந்தான்.

அந்தப் பாஸ்தான் அவனை அவ்வளவு நாள் உயிரோடு வைத்திருந்தது என்று ஆபீசில் சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. வைத்திருந்தது அந்த டயாலிசிஸ் மெஷினும், வாரம் மூன்று முறை அவனை ஜீப்னி வண்டியில் ஏற்றி இறக்கிய ஜோவ்லினும். பாஸ் செய்ததெல்லாம் அவனைக் காத்திருக்கப் பழக்கிவிட்டு, காத்திருக்க ஒன்றுமில்லாமல் விட்டதுதான்.

சவப்பெட்டி வீட்டில் இருந்த மூன்றாம் நாள், துக்க வீட்டில் விழித்திருக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, ஆபீஸ் பையன்கள் முற்றத்துக் கூடாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் க்ரிஸான்தோ என்பவன் கைபேசியை என்னிடம் நீட்டினான்.

“இன்னொரு கேமோட சீசன் பாஸ் முன்பதிவுல போகுது, சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்கினா பாதி விலை. வாங்கலாமா?”

“வாங்காதே.”

“ஏன், நல்ல கேமாச்சே?”

“முதல்ல வரட்டும்டா. வந்ததும் வாங்கிக்கோ.”

“அப்ப முழு விலையாயிடுமே, சார்.” சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே பணத்தைக் கட்டினான்.

காலிக் காபிக் கோப்பைகளை எடுக்க வந்த ஜோவ்லின், “என்ன வாங்கினான்?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.