சுதர்சினியின் உயரம்

குழந்தை பிறந்த பதினோராம் நாள் சுதர்சினியின் பாதங்கள் வத்தேகம வீட்டின் சிமெந்துத் தரைக்குள் இரண்டு அங்குலம் இறங்கின. தரை வெடிக்கவில்லை. சேற்றில் நிற்பவளைப் போல நின்றபடி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மாமியார் கஜலட்சுமி பார்த்தாள். அந்த மாதம் மழை அதிகம் என்பதால் தரை இளகியிருக்கும் என்று ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள்.

அது அவளுக்குத் தலைப்பிள்ளை. அதற்கு முந்திய வருடம் ஒன்று நாலாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். நாவலப்பிட்டியில் அவளுடைய தாய்வீடு பூட்டிக் கிடந்தது. தாய் குவைத்தில் வேறொருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் அஜந்தனுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவான். வந்தவன், "என்ன, குட்டையாயிட்ட?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்ததில் அரை அங்குலம் போனது. அவளுக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின் அழுகை பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போலிருக்கும்; யாராவது போய்த் தூக்கினால் நல்லது என்று காத்திருப்பாள், பிறகுதான் அந்த யாரோ தான்தான் என்பது நினைவுக்கு வரும். தரைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

நாலாம் வாரம், முழங்கால் வரை இறங்கியிருந்தபோது, பிரசவமான வீடுகளுக்கு வரும் குடும்பநல மாது, தாயின் மனநிலையைக் கேட்கும் பத்துக் கேள்விகள் உள்ள தாளோடு வந்தாள். புள்ளி கூடினால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். அங்கே தரையிலிருந்து ஆட்களைத் தூக்கிவிடும் டொக்டர் ஒருவர் இருந்தார், அவர் தூக்கிவிட்ட பெண்கள் இரண்டு பேர் அந்தத் தெருவிலேயே நடமாடினார்கள். மாது சிங்களப் பெண். பிள்ளையின் நிறைக்கும் ஊசிக்கும் பாலுக்கும் அவளிடம் தமிழ் இருந்தது, மனதுக்கு இல்லை. சந்தையில் மரக்கறி விற்றுச் சிங்களம் பழகிய கஜலட்சுமி இருவருக்கும் நடுவில் அமர்ந்தாள். முதல் ஆறு கேள்விகளுக்கு மருமகளைக் கேளாமலே நல்ல பதில் சொன்னாள். வந்தவர் முன்னால் வீட்டுக் குறையை எடுக்காதிருப்பது அவள் அறிந்த மரியாதை. ஏழாவதில் மாது பேனாவை நிறுத்திவிட்டுச் சுதர்சினியைப் பார்த்தாள்.

"எறங்கிக்கிட்டே இருக்கேன் மிஸ். யாராச்சும் புடிங்க," என்றாள் சுதர்சினி.

நித்திரை போதவில்லையாம் என்று கஜலட்சுமி சிங்களத்தில் சொன்னாள். பிறகு மருமகள் பக்கம் குனிந்தாள். "பேசாம இரும்மா. எழுதிட்டாங்கன்னா பிள்ளையப் புடுங்கிட்டுப் போயிருவாங்க."

அதை அவள் உண்மையாகவே நம்பினாள். தன் முதல் பிரசவத்தில் அவளும் கணுக்கால் வரை போய், ஒருவருக்கும் சொல்லாமல் தானே ஏறி வந்தவள். தாளில் உயரத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. மாது மொத்தம் இரண்டு புள்ளி என்று எழுதி, பிள்ளையை நிறுத்துப் பார்த்து, திருப்தியோடு போனாள்.

வீடு பழகிக்கொண்டது. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்தார்கள். நெஞ்சு உள்ளே போனதும் பிள்ளை பால்மாவுக்கு மாறியது. குவைத்திலிருந்து தாய் வீடியோவில் வரும்போது போனைத் தாழ்த்திப் பிடித்தார்கள். முகம் மட்டுமே தெரிந்ததால், மகள் கொஞ்சம் வெளுத்திருக்கிறாள் என்றாள் தாய். கஜலட்சுமி தினமும் அவளைச் சுற்றித் தரையைத் துடைத்தாள், தலையையும் வாரிவிட்டாள். எட்டாம் மாதம் தவழ்ந்து வந்த பிள்ளை தாயின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது. முதலாம் பிறந்தநாள் கழிந்து மூன்றாம் வாரம், தாயின் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பிள்ளை தலையை விட்டுவிட்டு, நாலடி நடந்து, அப்பம்மாவிடம் போனது.