முப்பத்தோராவது கோட்டை

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் சந்திரமோகன் வீட்டுக் கூடத்தில், பச்சைக் குல்லா போட்ட குள்ளன் ஒருவன் மூன்று வருடம் இரண்டு மாதமாக அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் வீடியோ கேம் குள்ளன். சதுரம் சதுரமாகத்தான் மூக்கும் முழியும். கோட்டை கோட்டையாகத் தாவிப் போவது அவன் தொழில். மொத்தம் முப்பத்திரண்டு கோட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து ஆடியும் சந்திரமோகன் இருபத்தெட்டைத் தாண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன நேரமோ, முப்பத்தொன்றில் போய் நின்றார். மிச்சம் இருந்தது ஒரே உயிர். நெருப்புக் குழிக்கு மேல் குள்ளன் தாவிய அதே நொடியில் மைத்துனர் குடும்பத்தோடு வந்து காலிங் பெல்லை அடித்தார். சந்திரமோகன் பதறிப்போய் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார். மைத்துனர் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு ஜாய்ஸ்டிக்கை எடுத்தால், எந்தப் பக்கம் அழுத்தித் தாவினோம் என்பதே மறந்துபோயிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வரவேயில்லை.

பழைய காலத்து கேம் பெட்டி அது. ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்டு போனால் குள்ளனும் போனான். அதற்காகவே இன்வெர்ட்டர் வாங்கினார். டிவியும் இரவு பகலாக ஓடியது.

"டிவியையாவது நிறுத்தி வைக்கக் கூடாதாங்க?" என்று மனைவி ஜெயப்ரியா ஒருமுறை கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நிறுத்திட்டா, உள்ள அவன் கீறானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

இன்றைய ஆட்டங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. புடவை கேட்டு போன் செய்கிறவர்களிடம்கூடச் சொல்வார்: "பத்து அடி நடந்தா ஒரு சேவ். விழுந்தா அங்கியே எழுப்பி உட்டுடறான். வழி தெரியலன்னா அம்புக்குறி போட்டுக் காட்டறான். ஆட்டமாங்க அது? டியூஷன்! எங்க காலத்துல மூணு உயிரு. போனா போனதுதான். அடி வயித்துல பயம் இருக்கணும்ங்க. சேவ் பண்றவன் கோழை. சரி, அரக்கு பார்டர் வேணுமா, மாம்பழக் கலரா?"

இப்படி இருக்கையில், தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வைக்கப்போவதால் சனிக்கிழமை முதல் மூன்று நாள் மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. சந்திரமோகன் பேட்டரி கடை கோபிநாத்திடம் ஓடினார். கோபிநாத் பள்ளித் தோழன். எட்டாவது கோட்டை வரை போனவன்.

"உன் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும்டா. மூணு நாள்லாம் பேஜாரு."

"சேவூர்ல அக்கா வீட்டுக்கு எடுத்துகினு போயிடலாமா? அங்க வேற லைன்."

"பெட்டியைக் கழட்டினா ஆளு காலிடா."

"கழட்ட வேணாம். ஓட ஓட எடுத்துகினு போவோம்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குட்டி யானை லோடு வண்டி ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது. இன்வெர்ட்டர், பேட்டரி, டிவி, பெட்டி எல்லாவற்றையும் ஒயரோடு ஒயராக நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். டிவியை நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். வெயிலில் திரை தெரியவில்லை என்பதால் சந்திரமோகன் ஒரு அரக்குப் பட்டுப்புடவையைப் பிரித்து நான்கு பக்கமும் தொங்கவிட்டு, பக்கத்திலேயே டிவியைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். குலுங்கக் கூடாது என்பதால் வண்டி நடந்துபோகும் வேகத்தில் ஊர்ந்தது. முன்னால் கோபிநாத், பள்ளம் பார்த்துக் கை காட்டியபடி நடந்தான். பின்னால் ஸ்கூட்டரில் ஜெயப்ரியா.

சேவூர் ரோட்டில் ஒரு வீட்டிலிருந்து கற்பூரத் தட்டோடு ஒரு பெண் வெளியே வந்தாள். வண்டி நின்றது.

"எந்த ஊரு சாமிங்க?"

"பழைய சாமிம்மா" என்றான் கோபிநாத். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் கற்பூரம் காட்டினாள். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அடங்கியது. டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டிராபிக் ஏட்டு முருகேசன் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "இன்னா ஊர்வலம் இது? பர்மிஷன் கீதா?"

சந்திரமோகன் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு புடவையை விலக்கித் தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது முகம் மாறியிருந்தது.

"சார், இது முப்பத்தொன்னா?"

"ஆமாங்க."

"நான் இருபத்தாறுதான் சார்." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "இப்ப லெப்ட்டுதானே அழுத்தணும்?"

"ரைட்டுங்க."

"ரைட்டு அழுத்தினா நெருப்புல உழுவான் சார்!"

"இருபத்தாறுல நின்னவரு சொல்றீங்க."

"மூணு வருஷமா தொங்கறவரு நீங்க சொல்றீங்க!"

வாக்குவாதம் முற்றியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கற்பூரத் தட்டுப் பெண் லெப்ட்டு பக்கம் நின்றாள். ஜெயப்ரியா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினாள்.

"இன்னாங்க, சேவ் பண்றவன் கோழைன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கீங்க. மூணு வருஷமா நீங்க பண்ணி வச்சிருக்கறது இன்னா?"

"அது சேவ் இல்ல ஜெயா. பாஸ். சும்மா நிறுத்தி வச்சிருக்கறது."

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

சந்திரமோகன் யோசித்தார். ஒரு வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். அவர் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் கையை நீட்டி, நின்ற ஆட்டத்தை ஓடவிடும் பொத்தானை அழுத்தினாள்.

ஜாய்ஸ்டிக் அவர் கைக்கு வருவதற்குள் குள்ளன் அந்தரத்திலிருந்து இறங்கினான். லெப்ட்டும் இல்லை, ரைட்டும் இல்லை. யாரும் எதையும் அழுத்தாமலே, நெருப்புக் குழியைத் தாண்டி, எதிர்த் திட்டின் நட்டநடுவில் போய் இரண்டு காலும் பதிய நின்றான்.

ரோடே கைதட்டியது. கோபிநாத் ஏட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சந்திரமோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா? மூன்று வருடம் இரண்டு மாதம் பயந்தது இதற்கா? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு இரும்புக் குண்டு சாவகாசமாக இறங்கி வந்து குள்ளனின் தலையில் விழுந்தது.

திரை கறுத்தது. பிறகு ஆட்டத்தின் முதல் பக்கம் வந்து, பழைய மெட்டு ஒலிக்க ஆரம்பித்தது. ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

சந்திரமோகன் அழுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் கை ஜாய்ஸ்டிக்கைத் தேடிப் பிடித்தது. அடி வயிற்றில் ஆறாம் வகுப்பில் இருந்த அதே பயம். மூன்று உயிர் புத்தம் புதிதாகத் திரையில் நின்றது.

"ரெண்டு பேர் ஆடலாம் இல்ல சார் இதுல?" என்றார் ஏட்டு.

"ஏறுங்க."

ஏட்டு விசிலை ஜெயப்ரியா கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்பைக் கட்டி மேய்ப்பவளுக்கு ஒரு டவுன் பஸ் பெரிய விஷயமில்லை. ஊதி ஊதி வண்டிகளை இடப்பக்கமாக அனுப்ப ஆரம்பித்தாள்.

சேவூரிலிருந்து அக்கா உண்ணாமலை போன் செய்தாள். "டேய் மோகனு, சோறு ஆறிகினு இருக்குது. எங்கடா கீற?"

"மூணாவது கோட்டைக்கா" என்றார் சந்திரமோகன். "ஏட்டய்யா, தாவுங்க, ஜல்தி!"