தண்ணீர் ஊற்றியது யார்?

“கெட்டியா பிடிங்கண்ணே! கிழங்கு உடைஞ்சிடப் போகுது!”

மேனுகா போட்ட கத்தலில் நோர்தென் செடியின் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் ஓங்கித் தட்டினாள். ஆர்க்கிட் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே அழுகல் நாற்றம்.

காங்டோக்கில் ஆர்க்கிட்டுக்கு நோய் என்றால் மேனுகாவின் நர்சரிக்குத்தான் ஆள் ஓடும். இன்று ஓடி வந்து அவளைத் தன் வீட்டு மாடிக்கே கூட்டி வந்தவர் நோர்தென். மனைவி டிக்கி இருந்தவரை அவர் வீட்டு மாடிப்படி முகப்பு முழுக்கத் தொட்டிகள். அவள் இறந்த பிறகு ஒவ்வொன்றாகப் போய், மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் மஞ்சளடித்துவிட்டது.

“அடி இலை ஒண்ணு மஞ்சளானா வயசு. எல்லா இலையும் வெளுத்தா வெயில். இதுல குருத்தே மஞ்சள். வேர்லதான் கோளாறு.”

ஒரு வேரை நசுக்கினாள். தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே வெறும் நார்.

“எப்போ தண்ணி ஊத்துறீங்க?”

“நான் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்.”

“யார்கிட்ட கதை விடுறீங்க? இது தினம் குடிச்ச குடிகாரன் வேரு!”

“டிக்கி மேல சத்தியமா.”

கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, அழுகியதையெல்லாம் நறுக்கித் தள்ளினாள். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைப் பொடியை அப்பினாள். தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த பழைய மரப்பட்டைத் துண்டுகளை உதறும்போது சட்டென்று கை நின்றது. ஒரு துண்டில் சிவப்பாய் ஓர் இழை. குங்குமப்பூ!

“உங்க வீட்டுப் பூஜைக் கிண்ணத்துல குங்குமப்பூ போடுறீங்களா?”

“அவ போனதிலேர்ந்து கிண்ணமெல்லாம் கவுந்தேதான் கிடக்கு.”

காலையில் புத்தருக்கு ஏழு கிண்ணங்களில் குங்குமப்பூ நீர் படைப்பார்கள்; சாயங்காலம் அந்த நீரைக் கால் படாத இடத்தில்தான் கொட்ட வேண்டும். கீழ்த்தளமோ முழுக்க சிமென்ட்.

“அப்போ கீழ்வீட்டு பெம்கித் அக்காதான்! டிக்கி அக்கா காலத்துலேர்ந்து இங்கதானே கொண்டாந்து ஊத்துவாங்க? அப்போ அத்தனை தொட்டியும் பங்கு போட்டுக் குடிச்சுது. இப்போ ஏழு கிண்ணமும் இது ஒண்ணு தலையில!”

மேனுகா படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தாள். நோர்தென் குறுக்கே வந்து நின்றார்.

“சொல்ல வேண்டாம்.”

“செடி செத்துடும்ணே!”

“இதை உள்ள வெச்சுக்கறேன். இந்த இடத்துக்கு வேற செடி குடு. எவ்வளவு ஊத்தினாலும் சாகாதது.”

“எதுக்கு? ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்களே!”

“அதுக்குத்தான் சொல்லல.”

மேனுகா அவரையே பார்த்தாள்.

“அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். வேற ஏதாவது நோயா இருக்கக் கூடாதான்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்.” குரல் இறங்கியது. “தினம் சாயங்காலம் கதவுக்கு உள்பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். இந்த மாடிக்கு ஏறி வர்ற காலடி அது ஒண்ணுதாம்மா.”