சிவப்புத் துணி கட்டிய தேங்காய்

யாங்கோனில் எங்களுக்குக் கிடைத்த வீடு லத்தா என்ற பேட்டையில், மூன்றாம் மாடியில், ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. முன்னால் பால்கனி, கடைசியில் சமையலறை, நடுவில் வெளிச்சம் எட்டிப் பார்க்காத கூடமும் ஓர் அறையும். லிஃப்ட் கிடையாது. கரண்ட் நான்கு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் வராது. திருப்பூரில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டோமே என்று முதல் வாரம் முழுக்க என் கணவரைக் கரித்துக் கொட்டினேன். அவர் பெயர் ராமகிருஷ்ணன். ஊருக்கு வெளியே லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு துணி ஃபேக்டரியில் தரம் பார்க்கும் மேனேஜர். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். திட்டு வாங்கிக்கொள்ளக்கூட நேரமில்லாத மனிதர்.

எங்கள் மகள் மதுமிதாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அந்த நீள வீட்டில் பகலெல்லாம் அவளும் நானும்தான்.

வந்த அன்றே ஒரு சண்டை நடந்தது. போன கரண்ட் திரும்பி வந்ததும் அவர் மெழுகுவத்தியை உஃப் என்று ஊதி அணைத்தார்.

"வாயால ஊதாதீங்கன்னு எத்தன தடவைங்க சொல்றது?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. விளக்கென்றால் பூவால் ஒற்றிக் குளிர வைப்போம். மெழுகுவத்தியென்றால் கையால் விசிறுவோம். மதுவின் பிறந்தநாள் கேக்கில்கூட நான் மெழுகுவத்தி வைக்க விட்டதில்லை.

"மெழுகுவத்தியெல்லாம் சாமியா அம்மிணி?" என்று சிரித்தார்.

"நெருப்பு எதுல இருந்தாலும் நெருப்புதானுங்க" என்றேன்.

கூடத்துத் தூணில், கைக்கு எட்டாத உயரத்தில், சின்ன மூங்கில் கூட்டுக்குள் ஒரு தேங்காய் இருந்தது. காம்போடு, தலையில் சிவப்புத் துணி கட்டி. வீட்டுக்காரம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு மண்டலேக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு எங்களைப் பார்த்துப் பர்மியத்தில் நீளமாக என்னவோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. பூம்பூம் மாடு மாதிரி இரண்டு பேரும் தலையாட்டி வைத்தோம்.

"பார்த்தீங்களா, நம்மூர் மாதிரியே திருஷ்டிக்குக் கட்டி வெச்சிருக்காங்க" என்றேன். அந்த ஊர்மேல் எனக்குப் பிரியம் வந்த முதல் தருணம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறித் தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை. வற்றிய காயை சாமி பெயரில் வைத்திருக்கலாமா? நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பில், எங்கள் ஊரில் செய்கிறபடி எல்லாம் செய்தேன். துணியை அவிழ்த்து, தேங்காயின் தலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். தூணுக்குக் காட்டினேன். மதுவை நிற்க வைத்து மூன்று சுற்று சுற்றினேன். வாசல்படியில் ஓங்கி உடைத்தேன்.

உள்ளே பருப்பு கறுத்திருந்தது. அழுகல் இல்லை. தணலில் போட்டுச் சுட்ட மாதிரி, முடி தீய்ந்த வாசனையோடு இருந்தது. பெருக்கி அள்ளிக் குப்பையில் போட்டேன். புதுசு வாங்கி மாட்ட நினைத்தேன், மறந்தேபோனேன்.

மறுநாள் முதல் வீட்டில் அந்த வாசனை வந்தது. கரண்ட் இல்லாத மத்தியானத்தில், அடுப்பு மூட்டாத நேரத்தில். சுவிட்சு, வயர், பக்கத்து வீடு என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். தூணருகில்தான் அதிகமாக இருந்தது.

தூணடியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள் மது.

"யாருக்குடா கண்ணு?"

"மாமாவுக்கு. ரொம்ப எரியுதாம்."

பிள்ளை தனியாக விளையாடுகிறாள், பாவம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது டம்ளர் காலி. தரையில் ஈரமில்லை. மது என் பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, நானே எதிரில் உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்கியது. 

திங்கட்கிழமை மதுவின் உடம்பு தோசைக்கல் மாதிரி சுட்டது. தெர்மாமீட்டரோ தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்றது. டாக்டரும் காய்ச்சல் இல்லை என்று சொல்லி வைட்டமின் எழுதிக் கொடுத்தார். அவள் சாப்பிடவில்லை, தண்ணீர் தண்ணீர் என்றே கேட்டாள். செவ்வாய்க்கிழமை அவள் வலது உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. நெருப்பின் பக்கமே போகாத கை.

"வியாழக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஊருக்குப் போயிரலாம் அம்மிணி" என்றார் அவர். வந்த நாளாக நான் கேட்க நினைத்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதுவரை பிள்ளை தாங்குவாளா?

புதன்கிழமை மத்தியானம் பால்கனியில் கட்டியிருந்த மணி அடித்தது. இங்கே எல்லா வீட்டிலும் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். கீழே லுங்கி தைத்துக் கொடுக்கும் கமலாட்சி நின்றிருந்தாள். என் வயதுதான். நான்கு தலைமுறையாக இந்த ஊர்க்காரி. தெருவில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

மது உள்ளறையில் தூங்கினாள். கூடத்துக்குள் வந்த கமலாட்சி தூணைப் பார்த்ததும் கஞ்சிப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மா உமா, தேங்கா எங்க?" பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் ‘மா’ போட்டுத்தான் கூப்பிடுவாள்.

சொன்னேன். கற்பூரம் என்றபோதே அவள் குறுக்கிட்டாள்.

"நெருப்பா காட்டினிய? அவருக்கா?"

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவான குரலில் சொன்னாள். "அது வீட்டக் காக்குற நாத்து. நாத்துன்னா இந்த ஊரு காவல் தெய்வம். எங்க சாமிகளோட நாங்களும் வெச்சுக் கும்புடுறோம். அந்தக் காலத்துல அவர் கொல்லரு. பலசாலின்னு பயந்து ராஜா அவரை மரத்துல கட்டி உசுரோட கொளுத்திப்புட்டாரு. அந்தக் காந்தலுக்குத்தான் எளனித் தண்ணி உள்ள காயா தொங்கவிடுறது. குளுமைக்கு. அவரு முன்னால ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்க மாட்டோம். நீங்க அவரு தலையிலயே கொளுத்தியிருக்கிய."

 எரிந்து செத்தவரின் தலையில் மறுபடி தீ வைத்து, மண்டையை உடைத்து, குப்பையில் கொட்டியிருக்கிறேன். அதுவும் பக்தியோடு.

"அவரு தங்கச்சி ராஜாவோட ராணி. அண்ணன் எரியறதப் பாத்துட்டு அதே நெருப்புல பாஞ்சிருச்சு" என்றாள்.

"தங்கச்சிக்கும் தேங்காய் மாட்டணுமா?"

"இல்ல. அண்ணனுக்குத்தான்."

அவளே கடைத்தெருவுக்குப் போய்க் காம்புள்ள காயும் சிவப்புத் துணியும் வாங்கி வந்தாள். குலுக்கினால் தண்ணீர் தளும்பியது. நான் ஸ்டூலில் ஏறி மாட்டினேன். கற்பூரமும் ஊதுபத்தியும் இல்லாமல் எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. "தெரியாம பண்ணிட்டேனுங்க. எம் பொண்ணை விட்டுருங்க" என்று தமிழிலேயே அழுதேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் தூணடியில் வைத்த டம்ளரில் தண்ணீர் இறங்கவில்லை. வாசனையும் போயிருந்தது.

மதுவின் சூடு மட்டும் இறங்கவில்லை.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. நான் கடைசிக் கோடியில் இருந்த சமையலறைக்குப் போய், தினமும் செய்கிறபடி, அலமாரியில் என் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். தூணிலிருந்து முப்பது அடி தள்ளி. கமலாட்சி சொன்னது தூணுக்குத்தானே? என் சாமிக்கு நான் விளக்கு வைப்பதை யார் கேட்பது? அந்த வீம்பு எனக்கு இன்னமும் இருந்தது.

திரும்பினால், மது எழுந்து வந்து நிற்கிறாள். இடது கையில் டம்ளர். கொப்புளம் கண்ட வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள், தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பது போல.

"தண்ணி யாருக்குத் தங்கம்? மாமாவுக்குத்தான் சரியாயிருச்சே."

"மாமா தூங்கறாரு. இது அக்காவுக்கு."

"எந்த அக்கா?"

"தெனமும் விளக்கு வைக்கறப்ப வந்து இங்க நிப்பாங்கல்ல, அவங்க. விளக்குக்குள்ள அவங்க அண்ணன் இருக்காராம். போகணும் போகணும்னு அழுவாங்க. நாந்தான் கையப் பிடிச்சுக்குவேன். ரொம்பச் சுடும்மா." விளக்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னிக்கு நீயும் வரியான்னு கேக்கறாங்க. நான் சரின்னுட்டேன்."

ஓர் அடி எடுத்து வைத்தாள். யாரோ இழுப்பது போல அவள் தோள் முன்னால் சாய்ந்தது. சுடர் அவள் பக்கம் வளைந்தது. காற்றே இல்லை.

பூவைத் தேட எனக்கு நேரமில்லை. கையால் விசிறவும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். குனிந்து, வாயால் ஊதி, என் முருகன் விளக்கை அணைத்தேன்.

இருட்டில் மதுவை வாரிக் கட்டிக்கொண்டேன். அவள் வலது கை கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தது. பிறகு தொப்பென்று என் முதுகில் விழுந்தது. உள்ளங்கை சில்லென்று இருந்தது.

நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. மது பள்ளிக்குப் போகிறாள், என்னைவிட நன்றாகப் பர்மியம் பேசுகிறாள். கரண்ட் இருக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்து வைத்துவிடுகிறேன். தீப்பெட்டி வீட்டில் இல்லை. மாலை ஆறு மணிக்கு முருகனுக்குப் பூ மட்டும் வைக்கிறேன், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும். காலையில் பார்த்தால் அது விரற்கடை குறைந்திருக்கும். முருகனுக்குக் கோபமிருந்தால் என்மேல் காட்டட்டும். பிள்ளைமேல் வேண்டாம்.