தபீதாள் மெட்டு

மூன்றாவது வரிக்கு வந்ததும் நேசகுமாருக்கு மறுபடியும் தடம் மாறிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு அறுப்புப் பண்டிகைப் பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வரி சரியாகத்தான் வந்தது. மூன்றாவதில் மெட்டு மேலே ஏற வேண்டும், அது தெரியும். ஏறுவதற்கு வாயைத் திறந்தால், வரதய்யபாளையம் டீக்கடையில் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஓடுகிற கிராமபோன் பிளேட்டுச் சினிமாப் பாட்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சினிமாவே பார்க்காத மனுஷர். பார்க்கிறவர்களைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். அவர் வாயில் இந்தப் பாட்டு.

மனைவி தபீதாள் இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பண்டிகை அன்று பெண்கள் கூடைகளில் புது நெல்லும் பூசணியும் கோழியும் சுமந்துகொண்டு வரிசையாகக் கோயிலுக்குள் வருவார்கள். முன்னால் தபீதாள் பாடிக்கொண்டு வருவாள். பாட்டு எல்லாச் சபையிலும் உள்ள பாட்டுதான். மெட்டு மட்டும் இந்த ஊரில் வேறு. எங்கேயிருந்து பிடித்தாய் என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "மனசுல வந்திச்சி" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதக் குனிந்துகொண்டாள். கர்த்தர் கொடுத்தது என்று அவரும் எடுத்துக்கொண்டார். பாத்திரம் துலக்கும்போதும் அதையேதான் முனகுவாள்.

இந்த வருஷம் மெட்ராஸிலிருந்து புதிய பாட்டுப் புத்தகம் வந்திருந்தது. சபையை நடத்தப் புதிதாக வந்த உபதேசியார் இன்பசேகரன் முப்பது வயதுக்காரர், ஆர்மோனியம் வாசிப்பார்.

"புஸ்தகத்துல ஒரே மெட்டு போட்டுக்கீறாங்க சார். இனிமே எல்லா சபையும் அதத்தான் பாடும்" என்றார் அவர். "ஒங்க ஊரு மெட்டு வேணும்னா ஞாயித்துக்கெழம நாலு வரியும் பாடிக் காட்டுங்க. நான் சுரம் எழுதி வச்சிக்கினு அதையே வாசிக்கிறேன். எழுதலன்னா அதோட போச்சி."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கூடை சுமக்கிற பெண்களில் மூத்தவள் சென்னம்மா. நேசகுமார் அவளைக் கேட்டுப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்றவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்களுக்கு இன்னா சார் தெரியும்? அம்மா பாடுவாங்க, நாங்க பின்னால வாய அசைச்சிக்கினு வருவோம்" என்று கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் சனிக்கிழமை விடியற்காலம் திருப்பதிக்கு பஸ் ஏறினார். தபீதாளின் தங்கை ஜெயகுமாரி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவள்.

ஏப்ரலில் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தபின், பள்ளிக்கூட வருகைப் பதிவேடு தெலுங்கில் வருகிறது. எந்த ஊரில் எத்தனை பேர் தமிழ், எத்தனை பேர் தெலுங்கு என்று தலையை எண்ணி எல்லைக் கோடு போட்டார்கள். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊத்துக்கோட்டை டீக்கடையில் தமிழில் ஓடுகிற அதே மெட்டுதான் இந்தப் பக்கம் தெலுங்கில் ஓடுகிறது. 'இன்னும் பத்து வருஷத்துல எல்லா ஊர்லயும் ஒரே பாட்டுதான், பாத்துக்கினே இருங்க' என்று யாரிடம் பேசினாலும் நேசகுமார் சொல்லுவார். தபீதாளின் மெட்டு ஒன்றுதான் அதில் அகப்படாமல் தப்பியது என்று அவருக்கு நினைப்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டே போனார், வழியில் சிந்திவிடாமல்.

ஜெயகுமாரி உப்புமா வைத்துக் காப்பி கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு இரண்டு வரி முனகினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"இது இன்னா பாட்டுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க மாமா?"

"அறுப்புப் பாட்டு. ஒங்க அக்கா கட்டின மெட்டு."

"அக்கா கட்டினாளா! அய்யோ மாமா, சித்தூர்ல நாங்க போர்டிங்ல படிக்கசொல்ல செவரு ஏறிக் குதிச்சிப் போயி பாத்த தெலுங்கு டாக்கி. அதுல ஒரு தாசி வருவா. ராஜா முன்னாடி கைய இப்படிச் சுத்திக்கினு பாடுவா பாருங்க, அந்தப் பாட்டு. அதயா நீங்க கோயில்ல பாடறீங்க?"

நேசகுமார் உப்புமாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்படிச் சொல்லுவா? கல்யாணமான மொத வாரமே சினிமாக் கொட்டாய் சாத்தான் வூடுன்னு கைய நீட்டிப் பேசினீங்களாமே. எனக்கு லெட்டர் போட்டா." தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "துன்னுங்க மாமா, ஆறிப்போவுது" என்றாள்.

மூன்றாவது வரி அவளுக்கும் வரவில்லை. ஏறும், அது மட்டும் தெரியும் என்றாள். மைக்செட் வாடகைக்கு விடுகிற நாகபூஷணம் கடையில் பழைய பிளேட்டு இருக்கலாம் என்று வழி சொல்லி அனுப்பினாள்.

கடை வாசலில் வெள்ளை ஜிப்பாவோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். படத்தின் பெயர் தெரியவில்லை. கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. "அதுல ஒரு தாசி பாடுவாளாம்."

நாகபூஷணம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் காலத்து பிளேட்டு மாஸ்டாரு இது! அதெல்லாம் தேஞ்சி, ஒடஞ்சி, எப்பவோ போயிந்தி. இப்ப பெண்டிலி கல்யாணமா, காது குத்தா, எலெக்சனா, எல்லாத்துக்கும் இந்த நாலு பிளேட்டே. வேற போட்டா ஜனம் அடிக்க வருது" என்று சொல்லி, பக்கத்திலிருந்த ஒரு பிளேட்டைத் துடைத்துக் காட்டினார். டீக்கடைப் பாட்டு அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. மெட்டு யாருடையது என்பது அவருக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் முனகினாளே, அவர் அதை ஜெபம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அப்போதெல்லாம் அவள் கண்ணுக்குள் எது ஓடிக்கொண்டிருந்தது? தாசியும் ராஜாவும் விளக்குகளுமாக இருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் தனியாகப் போய்ப் போய் வந்திருக்கிறாள். ஒன்றரை வருஷமாகத் தனக்குத்தான் பேச ஆளில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. உபதேசியார் நோட்டும் பென்சிலுமாக ஆர்மோனியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், பாடுங்க" என்றார். புத்தக மெட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்படிச் சொல்லத்தான் நேசகுமார் எழுந்தார். எழுந்தவர் பாடிவிட்டார். முதல் வரி, இரண்டாவது வரி. பென்சில் ஓடியது. அப்புறம் வாய் திறந்தபடி நின்றார். டீக்கடைப் பாட்டு தொண்டை வரை வந்து நின்றது, அதை விழுங்கினார்.

"அவ்ளோதானா சார்?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சென்னம்மா, "ரெண்டாவது வரியே சார் இழுவையா பாடறாரு. கொட்டாயில நாம கேக்கசொல்ல இப்படியா இருந்திச்சி?" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கோயில் சின்னது.

"எந்தக் கொட்டாய்?" என்றார் உபதேசியார்.

நேசகுமார் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. சத்தியவேட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் என்று தபீதாள் இவர்களை வண்டி கட்டி அழைத்துப் போவாள். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் வருவார்கள். 'ஜெபம் நீண்டுபோச்சி' என்பாள். சத்தியவேட்டில் டெண்ட் சினிமாக் கொட்டகை வந்து பழைய படங்களாக ஓட்டிய வருஷங்கள் அவை.

"அம்மாதான் சார்..." என்று சென்னம்மா ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றார் நேசகுமார். "பாடும்மா. மூணாவது வரி."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மெட்டு ஏறியது. அவர் நினைத்திருந்ததைவிட உயரமாக, நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி ஏறியது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நேசகுமார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்து பாட வாய் வரவில்லை. உபதேசியார் எழுதவில்லை, பென்சிலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே சென்னம்மா நாலாவது வரிக்கு இறங்கினாள். களை பறித்துக் காய்த்துப்போன அவள் வலது கை, அவளுக்கே தெரியாமல், வெள்ளை முக்காட்டுக்குப் பக்கத்தில் மெல்ல எழும்பி, மணிக்கட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களை விரித்தது.