சிரிக்க வந்தவர்கள்

வல்லிநாயகம் என்னை அடிக்கும் முன் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். கட்டின புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும். அவர், இவர், வாங்க, போங்க என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தாயிற்று. அந்த மரியாதைக்குப் பதில் மரியாதையாக எனக்கு ஒரு கடைவாய்ப் பல் போனது.

கடையத்தில் அவனுக்கு வயலும் நெல் அறுக்கிற மிஷினும் உண்டு. ஊருக்குள் நல்ல பேர். வரப்புச் சண்டையானாலும் சரி, வீட்டுச் சண்டையானாலும் சரி, சட்டையைக் கழற்றி நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் கையை ஓங்குவான். சட்டை கசங்கக் கூடாதாம், பொண்டாட்டி கசங்கலாம். முடிந்ததும் அதே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். பக்கத்து வீட்டில் கேட்டால், "டிவி ஓடுன சத்தந்தான் கேட்டுச்சு, வேற ஒண்ணும் கேக்கலியே" என்பார்கள்.

ஒருநாள் கட்டின சேலையோடு பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தேன். குத்துக்கல்வலசையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பிளவுஸ் தைக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விவாகரத்துக்குக் கேஸ் போட்டேன். அவனுடைய வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: அடித்ததைப் பார்த்தவர் யார்? ஒருத்தரும் இல்லை. விழுந்த பல்லைக் காட்டினேன். அது சொத்தைப் பல் என்றார் வக்கீல். அன்றைக்கு அந்தக் கூண்டில் நிற்கும்போது எனக்கு நகையோ ஜீவனாம்சமோ எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் இவளை அடித்தான், நான் பார்த்தேன் என்று ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதும் என்றிருந்தது. சொல்ல ஆள் இல்லாததால் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து டிவி நாடகக்காரர்கள் குற்றாலத்துக்கு வந்தார்கள். "வாங்க, தங்குங்க" என்று வாராவாரம் ஒரு சிரிப்பு நாடகம். தையலுக்குத் துணி கொடுக்க வந்த அவர்களுடைய மேனேஜர் மசூது, நான் ஒரு வாடிக்கையாளரிடம் போட்ட சண்டையை நின்று கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க நடிக்கவே வேண்டாம், இதே மாதிரி வந்து கத்துனா போதும்" என்றான். போனேன்.

கதை இதுதான். அருவிக்கரையில் ஒரு வீடு. நான் வீட்டுக்காரி. தென்காசி சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிற பென்னி எனக்குப் புருஷன். ஒவ்வொரு வாரமும் சம்பந்தமே இல்லாத ஒரு சொந்தக்காரர் பையும் கையுமாக வந்து இறங்குவார். வெங்காயம்கூடச் சேர்க்காத மாமா, கருவாட்டு வியாபாரம் செய்கிற அத்தை, செங்கோட்டை தாண்டி லாட்டரிச் சீட்டு விற்கிற மச்சான் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டம். எல்லாரும் ஒரே வீட்டில் முட்டிக்கொள்வோம். கடைசியில் நான் பென்னியைப் பூரிக்கட்டையால் விளாசுவேன். ஸ்பாஞ்சில் செய்து வர்ணம் அடித்த கட்டை. பட்டால் பஞ்சு பட்ட மாதிரி இருக்கும், சத்தமே வராது. சத்தத்தைச் சென்னையில் சேர்த்துக்கொள்வார்கள்.

இயக்குநரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. அந்த வாரம் யார் வந்து இறங்கப் போகிறார் என்று மசூதைத் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது, இயக்குநருக்கே தெரியாது. அப்போதுதான் எங்கள் முகத்தில் நிஜமான திகைப்பு வருமாம். இரண்டாவது, மிஷின் சிரிப்பு வேண்டாம், மனுஷர் சிரிப்பு வேண்டும் என்பார். ஆகவே குத்துக்கல்வலசையிலிருந்து முப்பது பேரை வேனில் ஏற்றிவந்து, செட் போட்டிருந்த கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புரோட்டாவும் சால்னாவும் உண்டு. "அடி விழுந்தா சிரிக்கணும். நான் கட் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் தெருவிலேயே இருக்கிற பொன்செல்வி. அவள் தொடையில் தட்டி ஆரம்பித்தால் மற்ற இருபத்தொன்பது பேரும் தொற்றிக்கொள்வார்கள்.

சொன்னால் என்ன, எனக்கு அந்த வேலை இனித்தது. பென்னியை அடிக்கும்போதெல்லாம் என் கண்ணுக்கு வல்லிநாயகம் முகம்தான் தெரியும். பாவம் பென்னி, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன், "இன்னும் நல்லா அடிங்க உமா, வலிக்கவே இல்ல" என்பார். சட்டை மடிக்கிற கதையை நான்தான் இயக்குநரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து பென்னி, அடி வாங்கும் முன் சட்டையைக் கழற்றி நாலாக மடித்து வைத்துவிட்டு, "இப்ப அடிட்டி" என்று முதுகைக் காட்டுவார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டுமளவுக்குப் பிரபலமானது.

கடையத்திலும் பார்த்தார்கள். அது யார் சட்டை என்று கடையத்துக்காரனுக்குத் தெரியாதா? டீக்கடையில் வல்லிநாயகம் நுழைந்தால், "அண்ணாச்சி, சட்டைய மடிச்சு வச்சிட்டீயளா? வீட்ல கட்டை ரெடியா இருக்காம்லா" என்று ஆரம்பித்துவிடுவார்களாம். கேலி செய்த ஒருத்தனை அவன் டீ பாய்லர் மேல் தள்ளியதில், அந்த ஆளுக்குக் கை வெந்துபோனது என்று கேள்விப்பட்டேன். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த படப்பிடிப்பு அன்றைக்கு வெளியே நல்ல சாரல். வர வேண்டிய நடிகர் செங்கோட்டை ரோட்டில் மரம் விழுந்து மாட்டிக்கொண்டார். மசூது அவரைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். நேரம் போகிறதே என்று இயக்குநர் கேமராக்களை ஓடவிட்டார். நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பும் தோசைக்கல்லும் அங்கே நிஜம். பென்னி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செட்டின் கதவு திறந்தது. கையில் பையோடு வல்லிநாயகம் வந்து நின்றான்.

இந்த வாரத்துச் சொந்தக்காரர் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அவன் யாரையும் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்தான். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தான். மண்டபமே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். பென்னியின் சேட்டையை இவனும் செய்கிறானே என்று இயக்குநர் குதூகலமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பையிலிருந்து பூரிக்கட்டையை எடுத்தான். கடையத்து வீட்டில் நான் உருட்டிய அதே கட்டை, வேப்ப மரம்.

"ஊரு சிரிக்க வச்சிட்டேல்லா. இப்ப சிரிக்கச் சொல்லுட்டி" என்றான்.

முதல் அடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. பொன்செல்வி தொடையில் தட்டினாள். முப்பது பேரும் சிரித்தார்கள்.

"இவரு எம் புருஷன். யாராவது பிடிங்க" என்று கத்தினேன். நாடகத்தில் புருஷன் பென்னியல்லவா. ஒருத்திக்கு ரெண்டு புருஷனா என்று அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

இரண்டாவது அடி வாயில். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. மூன்றாவது தோளில். கீழே விழுந்தவளை முடியைப் பிடித்து அடுப்பு வரைக்கும் இழுத்தான். விலாவில் மிதித்தான், ஒருமுறை இல்லை. மூச்சு விட முடியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் எதிரே சிரிப்பு எழுந்து அடங்கி மறுபடி எழுந்தது. பென்னிக்குத்தான் புரிந்தது. எத்தனையோ வாரம் ஸ்பாஞ்சு அடி வாங்கியவருக்குக் கட்டையில் சத்தம் வருவது புதிது. "ஏ, இது நெசம், இது நெசம்" என்று கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்தார். வல்லிநாயகம் அவர் நெற்றியில் ஒன்று வைத்தான். பென்னி அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்தார். ரத்தம் கண்ணில் இறங்கி, கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பென்னி அடி வாங்குவதற்குத்தானே அந்த நாடகத்தையே பார்க்கிறார்கள். அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வெறி வந்தது. இடது கையால் தோசைக்கல்லின் பிடியைத் துழாவிப் பிடித்தேன். பிடியே சுட்டது, விடவில்லை. அவன் முழங்காலில் வீசினேன். குனிந்தான். குனிந்த முகத்தில் வீசினேன். கன்னச் சதை கல்லில் ஒட்டிச் சுருங்கியது, கருகிய வாடை வந்தது. அவன் அலறினான். அவன் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொன்று போட்டேன். செத்துத் தொலையட்டும் என்று நினைத்துத்தான் போட்டேன், அதில் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. ரத்தம் தெறித்துக் கேமரா கண்ணாடியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் இயக்குநர் கட் சொன்னார். அவர் சொன்னதும் முப்பது பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவன் சாகவில்லை. இடது கண் போனது. எனக்கு மணிக்கட்டில் கம்பி வைத்தார்கள், விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. பென்னிக்கு நெற்றியில் தையல், பாட்டு மறந்து மறந்து போகிறது என்கிறார். நாடகம் அந்த வாரத்தோடு நின்றது. இயக்குநரும் மசூதும் சென்னைக்குப் போய் போனை அணைத்து வைத்துக்கொண்டார்கள். கொலை முயற்சி என்று வல்லிநாயகம் என் மேல் கேஸ் கொடுத்தான். நான் அவன் மேல் கொடுத்தேன்.

அவனுடைய வக்கீல் சொன்ன கதையைக் கேட்டால் வயிறு எரியும். வல்லிநாயகத்தை நடிக்க வரச் சொல்லியிருந்தார்களாம். சொன்னபடி அவர் நடித்தாராம். இவள்தான் பழைய பகையில் சுடச்சுடத் தோசைக்கல்லால் அடித்தாளாம். "மூணு கேமரால பதிவாகியிருக்கு. நெசமான அடின்னா முப்பது பேரு உக்காந்து சிரிப்பாங்களா?" என்றார். வீட்டுக்குள் அடிக்கும்போது பார்த்தவர் இல்லை என்றார்கள். இப்போது முப்பது பேர் பார்த்தாயிற்று, பார்த்ததே அவனுக்குச் சாதகமாகிவிட்டது. ஒருத்தர் மாற்றிச் சொல்லாவிட்டால் நான் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

கட்டுப்போட்ட கையோடு குத்துக்கல்வலசையில் வீடு வீடாக ஏறினேன். "நடிப்புன்னுல்லா நெனச்சோம்" என்றார்கள். "நாங்க என்னத்தக் கண்டோம்" என்றார்கள். ஒரு வீட்டில் எனக்குக் காப்பி கொடுத்து அதையே சொன்னார்கள். பொன்செல்வி கதவையே திறக்கவில்லை. நான் தெருவில் நின்று, "ஏட்டி மூதி, புரோட்டாவுக்குச் சிரிச்ச வாயிதானட்டி அது, இப்ப என்ன தையல் போட்டிருக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே ஆள் நடமாட்டம் இருந்தது.

பென்னி சாட்சி சொன்னார். கூட நடித்தவர், வேண்டியவர் என்று வக்கீல் அதைத் தட்டிவிட்டார். பிறகு கோர்ட்டில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முப்பது பேர் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. பென்னி அடி வாங்கும் இடத்தில் வாசலில் நின்ற ஒரு போலீஸ்காரர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சம்மன் போயிருந்ததால் பொன்செல்வி வந்தாள். கூண்டில் ஏறி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். படத்தில் முதலில் கேட்கிற சிரிப்பு உங்களுடையதுதானே என்று அவனுடைய வக்கீல் கேட்டார். ஆமாம் என்றாள்.

"நடிப்புன்னு நெனச்சுத்தானே சிரிச்சீங்க?"

"இல்லய்யா" என்றாள். "மொத அடியிலயே தெரியும். கட்டை எலும்புல பட்டா என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்லயும் உண்டும்."

நீதிபதியம்மா முன்னால் குனிந்து, தெரிந்த பிறகும் ஏன் சிரித்தாய் என்று கேட்டார்.

பொன்செல்வி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சிரிப்ப நிப்பாட்டுனா எந்திரிச்சுப் போயிப் பிடிக்கணும்லாம்மா" என்றாள். "எனக்குப் பயமா இருந்துச்சு. அதாம் நிப்பாட்டாம சிரிச்சேன். அவரு இந்த அக்காவ அடிச்சாரு. நான் பாத்தேன்."

நீதிபதியம்மா சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம் இதுதான். நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. முதல் அடியிலேயே தெரிந்திருக்கிறது இவளுக்கு. அதற்குப் பிறகு எத்தனை அடி, எத்தனை மிதி. இவள் எழுந்திருந்தால் அந்தக் கூட்டமே எழுந்திருக்கும்.

வெளியே வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா" என்றாள். நான் இடது கையை ஓங்கினேன். அறைந்து, அந்த வாயை இன்னொரு முறை சிரிக்க முடியாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் ஓங்கினேன். அவள் விலகவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை இறுக்க மூடினாள், பல்லைக் கடித்தாள், முகத்தை வாகாகத் திருப்பிக் கொடுத்தாள். அடி கன்னத்தில் விழ வேண்டும், காதில் விழுந்துவிடக் கூடாது. பழகினவர்களுக்குத்தான் அப்படித் திருப்பத் தெரியும். நானும் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பேன்.

கையை இறக்கிவிட்டேன். அடி விழாதது தெரியாமல் அவள் வெகுநேரம் கண்ணை மூடியபடியே நின்றாள்.