இரண்டு கோடு போட்ட வரி

குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அவள் நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோது மாமியார் கதவைத் தட்டினார்.

"உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா?"

"அண்ணி அந்த வாளிக்கு வாடகை குடுக்கலாம்," என்றாள் நாத்தனார்.

"இதோ வந்துட்டேன் அத்தை."

குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு இன்னும் அரைப் பக்கம் படித்தாள். சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பென்சிலை எடுத்து ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். இரண்டு அறை, மகளோடு சேர்த்து ஐந்து பேர். உள்தாழ்ப்பாள் உள்ள அறை இது ஒன்றுதான். பகலெல்லாம் அவளுக்கு மருத்துவமனையில் சீட்டுப் பதிகிற ஜன்னலில் வேலை. அந்தக் கண்ணாடி ஓட்டைக்குள் ஒரே சமயத்தில் மூன்று கைகள் நுழையும்.

நாவலில் வரும் கொலை வழக்கு அதிகாரி பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர்க்காரர். மனைவி விட்டுப் போய்விட்டாள், மகள் பேசுவதில்லை, தூக்கம் கிடையாது, குடி உண்டு. பிணத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார், பூட்டைத் திறப்பார், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். 'தனிமையில் சிதையும் மனிதன்' என்று பின்னட்டையில் போட்டிருந்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஆளில்லாத வீட்டில் சிதைவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அவரைப் பற்றி ஏழு புத்தகம் படித்துவிட்டாள். பிடிபட்ட கொலைகாரர்களில் ஒருவன் முகமும் நினைவில் நிற்கவில்லை. அவர் ஃப்ரிட்ஜில் வைத்து மறந்துபோன பால் நின்றது.

அவள் கணவன் மின்விசிறி, வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவன். கோளாறு என்று பட்டால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். கதைப் புத்தகமே தொடாதவன், அந்தப் புத்தகத்தை எடுத்து மூன்று நாள் விடாமல் படித்தான். ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் அவள் வேலையை நிறுத்தி அவன் பக்கம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிடுச்சு. ஆனா அவன் வர்ற எடத்துல நீ பென்சிலே வைக்கல."

அவள் மடித்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீ கோடு போட்டதெல்லாம் அந்த ஆளு வீட்டுக்கு வர்ற எடம். கதவத் தெறக்கறான், யாருமில்ல. பால் கெட்டுப்போயிருக்கு. அதுக்கு மட்டும் ரெண்டு கோடு." தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்க யாரும் வேணாமா உனக்கு?"

உடனே சொல்லியிருக்க வேண்டிய பதில். அவள் உறையின் நான்கு மூலைகளையும் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அப்படியெல்லாம் இல்லங்க."

அவன் கோபப்பட்டிருந்தாலாவது அவள் அழுதிருக்கலாம். பழுது எங்கே என்று பிடிபட்டுவிட்ட முகத்தோடு எழுந்து போனான். மதியம் எல்லாரையும் வெளியே கிளப்பினான். அவள் வரலையா என்று மாமியார் கேட்டதற்கு, "தலைவலிம்மா," என்றான். கடைசியாகச் செருப்பை மாட்டும்போது அவளிடம் குரலைத் தாழ்த்தினான்.

"மூணு மணி நேரம். மாடி வீட்டு அக்கா வந்து ஒக்காந்துடப் போறாங்க, வெளிய பூட்டிட்டுப் போறேன். நிம்மதியா இரு."

அவள் வாயெடுப்பதற்குள் பூட்டு விழுந்தது.

நடு அறையில் அப்படியே நின்றாள். அதிகாரியின் சாவி அவர் கோட்டுப் பையில்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டு அக்கா வந்து பூட்டை ஆட்டிப் பார்த்தாள். "ஆள் யாரும் இல்ல போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறினாள். செருப்புச் சத்தம் அடங்கும்வரை இவள் மூச்சு விடவில்லை.

பிறகு ஆணியில் தொங்கிய கணவனின் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து, மெதுவாக வீட்டுக்குள் வந்தாள்.

ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி, வெயில் விழுகிற மேசை ஓரத்தில் வைத்தாள். கோட்டோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அது கெடுவதற்காகக் காத்திருந்தாள்.